வாடி ரம்: ஸ்டியரிங் யார் கையில்?

டபுள்கேப்:
ஏப்ரல் விடுமுறைக்கு நாங்கள் நாலு பேர் ஜோர்தான் போகிறோம். வாடி ரம் பாலைவனத்தில் இரண்டு நாள். (ரம் என்ற பெயரைக் கேட்டதுமே இரண்டு பேர் சரி என்றுவிட்டார்கள், அது வேறு கதை.) அந்தப் பாலைவனத்து அரபு மக்களான பெதுயின் டிரைவர் ஓட்டும் பழைய பிக்கப்பில், பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து சுற்றுவதுதான் அங்கே வழக்கமாம். யாலவில் சஃபாரி ஜீப்பில் போகிற மாதிரித்தானே? பதினைந்து வருடமாக மொண்டெரோ ஜீப் ஓட்டுகிறவன் நான். அம்மானில் ஒரு ஃபோர் வீல் வாடகைக்கு எடுத்து, வழிகாட்டியின் வண்டியை முன்னால் விட்டு, பின்னால் நாமே ஓட்டினால் என்ன பிழை?

கொட்டாஞ்சேனை_அண்ணை:
தம்பி, முதலில் வாடகை ஒப்பந்தத்தை வாசியுங்கோ. தார் ரோட்டை விட்டு இறங்கினால் காப்புறுதி இல்லை என்று அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். அதோடு மொண்டெரோ ஓட்டுவது வேறு, மணலில் ஓட்டுவது வேறு. கற்பிட்டியில் டயர்க் காற்றை இறக்காமல் கடற்கரையில் விட்டவன் நான். நாலு சில்லும் அச்சு வரை போய்விட்டது. ட்ராக்டர்காரர் இழுத்து விட்டார். என் முகத்தைப் பார்த்துத்தான் விலை சொன்னார்.

செம்பாறை:
அண்ணை, அது காற்று இறக்காத பிழை. 35 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருப்பதை 18க்குக் கொண்டுவந்தால் டயர் நீளமாகப் படியும், வண்டி மிதந்து போகும். இதைப் பழகத்தானே வழிகாட்டி?

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் மோவாபில் நான் அப்படித்தான் ஓட்டினேன். வழிகாட்டி முன்னால் போவார், ரேடியோவில் சொல்லிக்கொண்டே வருவார், ஸ்டியரிங் நம் கையில். அந்தச் செம்மணற்பாறைக்கு ஸ்லிக்ராக், அதாவது வழுக்குப் பாறை என்று பெயர். இரும்பு லாடம் அடித்த குதிரைகள் வழுக்கியதால் வந்த பெயராம். ரப்பருக்கு அது சாண்ட் பேப்பர் மாதிரி, டயர் ஒட்டிக்கொண்டு ஏறுகிறது. ஹெல்ஸ் ரிவெஞ்ச் என்ற தடத்தில் ஒரு மேடு வரும். ஏறும்போது பொனட்டும் வானமும் மட்டும்தான் தெரியும், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. ரேடியோவில் “கொஞ்சம் இடது, இன்னும் இடது” என்ற குரலை நம்பித்தான் காலை அழுத்தினேன். இறங்கும்போது லோ கியர், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைச் சும்மா தொட்டால் போதும். பின் பெஞ்சில் இருந்து படம் எடுத்தவருக்கு இது எங்கே விளங்கும்?

கொட்டாஞ்சேனை_அண்ணை:
அதே மோவாபுக்குப் பக்கத்தில்தானே 2023இல் அரசு 317 மைல் வண்டித் தடங்களை மூடியது? பாறைக்கு ஒன்றும் ஆகாது, சரி. பாறைக்கு நடுவிலிருக்கும் மண்ணில் கறுப்பாக ஒரு தோல் படிந்திருக்கும், அது உயிருள்ளது. நுண்ணுயிர்கள் கட்டிய மேலோடு. ஒரு தடவை சில்லு ஏறினால் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் வேண்டும். நம்மவர்கள் தடத்துக்குள் ஓட்டுவார்கள் என்று நம்பச் சொல்கிறீர்களா? யாலவில் ஒரு சிறுத்தைக்கு எத்தனை ஜீப் முண்டியடிக்கிறது என்று பார்த்ததில்லையா?

செம்பாறை:
யாலவில் முண்டியடிப்பவர்கள் எல்லோரும் தொழில்முறை டிரைவர்கள், அண்ணை. உங்கள் உதாரணம் உங்கள் பக்கமே திரும்புகிறது.

வெள்ளவத்தை_மாலா:
இருவரும் மோவாபுக்குப் போய்விட்டீர்கள், கேட்டவர் போவது ஜோர்தானுக்கு. நான் போயிருக்கிறேன், பின் பெஞ்சில்தான். அந்தப் பாதுகாக்கப்பட்ட பகுதி சுமார் 740 சதுர கிலோமீட்டர், நம் கொழும்பு மாநகரம் இருபது தடவை உள்ளே போகும். 2011இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக்கியது நிலத்தோற்றத்துக்காக மட்டுமல்ல. பாறைகளில் 25,000 உருவங்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் இருக்கின்றன. கஸாலி இடுக்கில் எங்கள் டிரைவர் ஒட்டகங்களையும் பாதத் தடங்களையும் விரலை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் ஓட்டிக்கொண்டு போயிருந்தால் முன் வண்டியின் புழுதியைத்தான் பார்த்திருப்பேன். இன்னொன்று, ரம் கிராமத்தில் அநேக குடும்பங்களுக்கு இந்தப் பிக்கப் ஓட்டம்தான் சோறு.

டபுள்கேப்:
அக்கா, சோறு போடுவதற்காகச் சுற்றுலா போக முடியாது. வழிகாட்டிக்கு எப்படியும் காசு கொடுக்கத்தான் போகிறேன்.

வெள்ளவத்தை_மாலா:
கொடுங்கள். ஆனால் நீங்கள் புதைந்தால் உங்களை இழுப்பதற்கே அவருக்கு அரை நாள் போகும். பின்னேரம் காய்ந்த மணல் காலையை விட இளகி இருக்கும், எங்கள் டிரைவரே ஒரு இடத்தில் சுற்றிப் போனார். அங்கே பிறந்தவர் அவர். ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள்.

செம்பாறை:
சரி, நான் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். மோவாபில் நான் ஓட்டியது அதற்கென்றே வைத்திருந்த வண்டி, உரசினால் என்ன கட்டணம் என்று முதலிலேயே எழுதித் தந்தார்கள். அம்மான் வாடகை வண்டியில் அதே விளையாட்டுக்கு நானும் போகமாட்டேன். டபுள்கேப், அங்குள்ள டிரைவரிடமே கேளுங்கள், தட்டையான மணலில் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தருவாரா என்று.

கொட்டாஞ்சேனை_அண்ணை:
அங்கே இடது பக்க ஸ்டியரிங். கியருக்குப் பதிலாகக் கதவைத்தான் பிடித்து இழுப்பார்.

டபுள்கேப்:
பார்ப்போமே, அண்ணை. முதல் நாள் பெஞ்ச், இரண்டாம் நாள் கேட்டுப் பார்க்கிறேன். ஒரே சந்தேகம்: பின்னால் பெல்ட் இருக்குமா? எங்களில் ஒருவர் 110 கிலோ.

வெள்ளவத்தை_மாலா:
எங்கள் வண்டியில் இல்லை, பிடிக்கக் கம்பிதான். அவரை முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஏற்றுங்கள்.