பட்டாளத்துப் பெரியப்பா காலமானார்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

கீழத்தெருப் பட்டாளத்துப் பெரியப்பா கடந்த வியாழன் விடியற்காலையில் தவறிவிட்டார். வயது 80. நானும் கைப்பேசியில்தான் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்தேன். பக்கத்து ஊர்ப் பட்டாளத்தார் எல்லாரும் வந்து சல்யூட் வைத்தார்கள். ஒரு கிழவர் "வீர மதராசி" என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் "அடி கொல்லு, அடி கொல்லு" என்றார்கள். அது அவருடைய ரெஜிமென்ட்டின் போர் முழக்கம். அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

1962 சீனப் போருக்கு மறு வருடம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தவர். வெலிங்டனில் பயிற்சி. 1971 பாகிஸ்தான் போரில் பசந்தர் ஆற்றைக் கடந்த படையில் இருந்தார். டிசம்பர் குளிரில் ஈர பூட்ஸோடு விடிய விடியக் கிடந்ததைச் சொல்வார். கண்ணிவெடி பற்றிக் கேட்டால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாலாம் வகுப்பிலிருந்து அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். நீல இன்லண்டில் நம்பர், பெயர், யூனிட், கடைசியில் 56 ஏ.பி.ஓ. என்ற பட்டாளத்துத் தபால் நிலைய எண். பட்டாளத்தான் பஞ்சாபில் இருந்தாலும் காஷ்மீரில் இருந்தாலும் முகவரி அதுதான். பெரியம்மா அதை ஓர் ஊர் என்றே நம்பியிருந்தார். "அந்த ஊரில் மழை உண்டா என்று கேள்" என்பார். "உண்டு, நம் கம்மாய் நிறைகிற அளவுக்கு" என்று பதில் வரும். ஒரு நாளும் பெரியப்பா அதைத் திருத்தியதில்லை.

1971 டிசம்பர் 17 இரவு எட்டு மணிக்குச் சண்டை நின்றுவிட்டது. கடிதமோ பொங்கலுக்கு இரண்டு நாள் முன்புதான் வந்தது. தபால்காரர் சைக்கிளைவிட்டு இறங்காமல் கையை விரித்தால் இல்லை என்று அர்த்தம். அந்த நாளெல்லாம் பெரியம்மா மந்தையைப் பார்த்தே உட்கார்ந்திருந்ததாக அம்மா சொல்வார்.

1980-இல் ஓய்வு. அதன்பிறகு பென்ஷன் தாள்களோடு அவர் அலைந்த அலைச்சலுக்கே, என்னைக் கேட்டால், தனியாக ஒரு மெடல் கொடுத்திருக்க வேண்டும். பட்டாளத்துப் பதிவேட்டில் ராக்கம்மாள், ரேஷன் கார்டில் ராக்காயி என்று இருந்ததற்காக, கணவனை இழந்த என் அத்தையை ஓர் அலுவலகத்தில் ஏழு மாதம் திருப்பி அனுப்பினார்கள். உசிலம்பட்டியில் பஸ் ஏற்றி ஆரப்பாளையத்தில் இறக்கி, ஒவ்வொரு முறையும் பெரியப்பா அத்தை கூடவே போனார். டிக்கெட்டுக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

உங்கள் வீட்டிலும் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிறவர் இருந்தால், டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பென்ஷன் உத்தரவிலும் அவர் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று அவர் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு ஊரில் இருப்பவர்கள் அவசியம் போய் வாருங்கள். பெரியம்மாவின் தாள்களைப் பற்றிக் கவலை இல்லை. எல்லாவற்றையும் பெரியப்பாவே சரிபார்த்து, கருப்பு டிரங்குப் பெட்டியில், அந்த இன்லண்ட் கட்டுக்கு மேலே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்புடன்,
மஸ்கட்டிலிருந்து, கீழத்தெருப் பிள்ளை