மஸ்டாங் ஜிடியா, கமாரோ எஸ்எஸ் 1எல்இயா? 40,000 டாலருக்குள் எது நல்லது, உதவுங்கள்

சேது_ஆஸ்டின்:
வணக்கம் நண்பர்களே. பழைய வி8 கார் ஒன்று வாங்கப் பார்க்கிறேன். கையில் 40,000 டாலர் இருக்கிறது, டயர், பிரேக் செலவுக்கும் அதிலேயே ஒதுக்கியாக வேண்டும். பார்த்துப் பார்த்து இரண்டில் வந்து நிற்கிறேன்: 2018-க்குப் பிறகு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி (பெரிய பிரேக் முதலியவை சேர்ந்த பெர்ஃபார்மன்ஸ் பேக் உள்ளது), இல்லையென்றால் செவ்ரோலே கமாரோ எஸ்எஸ் 1எல்இ (1எல்இ என்பது ட்ராக்குக்கென்று கம்பெனியே போட்டுத் தரும் பேக்கேஜ்). இரண்டிலும் ஆறு கியர் மேனுவல்தான் வேண்டும்.

என் குழப்பம் இதுதான். மஸ்டாங் 460 குதிரைசக்தி, கமாரோ 455. எடை இரண்டுமே 3,700 பவுண்டை ஒட்டித்தான். நேர்ச்சாலையில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் வளைவுகள் உள்ள ட்ராக்கில் 1எல்இ தெளிவாக முன்னே போகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கிருந்து வருகிறது அந்த வேகம்? அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் காசு தகுமா?

வார நாட்களில் ஆபீஸ் போக, ஆறு வயது மகளைப் பள்ளியில் விட இதே கார்தான். அவ்வப்போது கோட்டாவில் (ஆஸ்டினில் உள்ள சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ் பந்தயத் தடம்) ட்ராக் நாள், அதாவது சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். இதே விலையில் டாட்ஜ் சேலஞ்சர் ஸ்காட் பேக்கும் கிடைக்கிறது, அதில் 485 குதிரைசக்தி. அதை விட்டுவிடுவது தவறா?

கயல்_மிச்சிகன்:
சேது, நான் 1எல்இதான் வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உச்ச குதிரைசக்தியை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இந்த இரண்டு காரும் புரியாது. மஸ்டாங்கின் 5.0 லிட்டர் கொயோட் இன்ஜின் மேலே சுற்றச் சுற்றத்தான் வலுவைக் காட்டும், 7,500 ஆர்பிஎம் வரை போகும். டார்க் (இழுக்கும் முறுக்கு விசை) 420 பவுண்ட் அடி. கமாரோவின் எல்டி1 இன்ஜின் 6.2 லிட்டர், டார்க் 455. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஒரு கியர் தவறாக இருந்தாலும் கமாரோ இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஆனால் 1எல்இயை முன்னே கொண்டுபோவது இன்ஜினைவிட மற்ற பாகங்கள்தான். முன்னால் 285, பின்னால் 305 மில்லிமீட்டர் அகலத்தில் குட்இயர் ஈகிள் எஃப்1 சூப்பர்கார் 3 டயர். சாலைக்கேற்ப விறைப்பை மாற்றிக்கொள்ளும் மேக்னடிக் சஸ்பென்ஷன். பின்சக்கரங்களுக்கு மின்னணுக் கட்டுப்பாட்டில் பூட்டும் டிஃபரன்ஷியல் (இன்ஜின் வலுவை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பாகம்). ஆறு பிஸ்டன் பிரெம்போ பிரேக். அடிப்படை உடல் கேடிலாக் ஏடிஎஸ்ஸுக்குப் போட்ட அதே ஆல்ஃபா தளம், முறுக்கினாலும் அசையாது. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றுக்கும் தனித்தனிக் கூலர் கம்பெனியிலேயே பொருத்தி வருகிறது. டெக்சாஸ் வெயிலில் இருபது நிமிடம் முழு மூச்சில் ஓட்டினால் அது எதற்கென்று தெரியும். முதல் சுற்றில் வேகமாக இருக்கும் கார்கள் நிறைய உண்டு. கடைசிச் சுற்றிலும் அப்படியே இருப்பவை குறைவு. நான் இதை வாங்கியதே அதற்காகத்தான்.

1எல்இ பேக்கேஜ் 2017-இல் வந்தபோது 6,500 டாலர். இதே சாமான்களைத் தனியாக வாங்கிப் போட்டால் அந்தத் தொகைக்கு அருகில்கூட வர முடியாது.

ராம்_டாலஸ்:
கயல் சொன்னதில் தப்பில்லை. ஆனால் சேது பள்ளிக்கும் போக வேண்டும் என்கிறாரே.

கமாரோவின் ஜன்னல்கள் ரொம்பக் குறுகல். லேன் மாறும்போது பின்பக்க மூலை கண்ணில் படாது. டிக்கி சுமார் 9 கன அடி, அதன் வாயும் சின்னது. ட்ராக் நாளுக்கு ஹெல்மெட், டூல் பை, ஜாக் வைத்தாலே நிரம்பிவிடும். மஸ்டாங்கில் 13.5 கன அடி. பின்சீட் இரண்டிலும் நெருக்கடிதான், ஆனால் மஸ்டாங்கில் உட்கார்ந்தால் வெளியே பார்க்கவாவது முடியும்.

பெர்ஃபார்மன்ஸ் பேக் ஜிடியிலும் ஆறு பிஸ்டன் பிரெம்போ, டார்சன் வகை டிஃபரன்ஷியல், பெரிய ரேடியேட்டர் எல்லாம் உண்டு. மேக்னரைட் எனும் மேக்னடிக் சஸ்பென்ஷன் தனி ஆப்ஷன், அது இருக்கும் வண்டியாகத் தேடுங்கள். இதில் வரும் டயர் முன்னால் 255, பின்னால் 275. நீங்கள் கேட்ட வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த டயரில்தான் இருக்கிறது. டயரை அகலமாக்கி, ட்ராக்குக்கான பிரேக் பேடும் போட்டால் இடைவெளி நன்றாகக் குறைந்துவிடும்.

கயல்_மிச்சிகன்:
டயர் விஷயம் சரி, ராம். ஆனால் அந்த மஸ்டாங்கில் கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் கூலர் கிடையாது. அகல டயர் போட்டால் வளைவு வேகம் கூடும், சூடும் கூடும். கூலர், ட்ரெமெக் கம்பெனியின் கியர்பாக்ஸ் எல்லாம் சேர்ந்து வேண்டுமென்றால் 2021 மஸ்டாங் மாக் 1 பார்க்க வேண்டும். 480 குதிரைசக்தி, அருமையான வண்டி, ஆனால் இந்தப் பட்ஜெட்டில் நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம்.

தேவா_ஹூஸ்டன்:
சேலஞ்சர் பற்றி: ஸ்காட் பேக் ஓட்ட எனக்கு ரொம்பப் பிடிக்கும். 6.4 லிட்டர் சத்தம், டிக்கியில் குடும்பத்துக்கே சாமான் வைக்கலாம், பெரியவர்கள் பின்னால் உட்காரலாம். ஆனால் எடை 4,200 பவுண்டுக்கு மேல். கோட்டாவில் 11-ஆம் வளைவு தாண்டினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்ச்சாலை, அதன் முடிவில் 12-ஆம் வளைவுக்கு முழு வேகத்திலிருந்து பிரேக் பிடிக்க வேண்டும். கூடுதலாக இருக்கும் அந்த 500 பவுண்ட் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக்கின் தலையில்தான் விழும். நெடுஞ்சாலைப் பயணம்தான் முக்கியம் என்றால் அதுவே என் முதல் தேர்வு. உங்கள் தேவைக்கு வேண்டாம்.

எந்தக் கார் வாங்கினாலும் ட்ராக்குக்குப் போகும் முன் பிரேக் ஃப்ளூயிடை மாற்றுங்கள். டாட் 4 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் 155 போதும் என்றே தரம் சொல்கிறது. பழைய ஃப்ளூயிட் கொதித்தால் பெடல் தரையைத் தொடும், பிரேக் பிடிக்காது. இதில் விளையாட வேண்டாம்.

சேது_ஆஸ்டின்:
கயல் அக்கா, ராம், தேவா, மூவருக்கும் நன்றி. சேலஞ்சரை விட்டுவிட்டேன். நேற்று மகளை இரண்டிலும் பின்சீட்டில் உட்கார வைத்துப் பார்த்தோம். கமாரோவில் பூஸ்டர் சீட் உள்ளே போகவே பெரும் பாடு. ஆனால் ஓட்டியதில் என் மனம் கமாரோவில்தான். மனைவி சொன்ன வழி: பள்ளிக்கு அவள் காரை எடுத்துக்கொள்வது, இதை எனக்கும் ட்ராக்குக்கும் மட்டும் வைப்பது. அப்படியானால் 1எல்இதானே? தினசரி ஓட்டுவதில் வேறு ஏதாவது தொல்லை உண்டா?

கயல்_மிச்சிகன்:
அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம், 1எல்இ. தொல்லை என்றால் டயர்தான். சூப்பர்கார் 3 காய்ந்த சாலைக்கானது. தண்ணீர் தேங்கிய சாலையில் மெதுவாகப் போங்கள், உறைபனியில் வண்டியை எடுக்கவே வேண்டாம், அந்த ரப்பர் விரிசல் விடும். ட்ராக்கில் சீக்கிரம் தேயும், அந்தச் செலவை இப்போதே கணக்கில் வையுங்கள்.

ராம்_டாலஸ்:
வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது என்றால் நானும் கமாரோவுக்கே கை தூக்குகிறேன். 2023 டிசம்பரோடு உற்பத்தி நின்றுவிட்டதால் ட்ராக்கில் அடிபடாத 1எல்இ இனி எளிதில் கிடைக்காது.

தேவா_ஹூஸ்டன்:
வாங்கும் முன் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். பிரேக் டிஸ்க்கில் வெப்ப விரிசல், டயரின் உள்விளிம்புத் தேய்மானம், கூலர் குழாய்களில் எண்ணெய்க் கசிவு, மூன்றாவது கியருக்கு மாற்றும்போது உரசல், இவைதான் முக்கியம். டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ட்ராக்கில் ஓட்டிய கார் என்பதற்காக ஒதுக்க வேண்டாம், பராமரித்திருந்தால் போதும். அப்புறம் சாதாரண இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ட்ராக் சேதத்துக்குப் பணம் தராது, உங்கள் பாலிசியைப் படித்துவிட்டு அந்த நாளுக்கென்று தனிப் பாலிசி எடுங்கள்.

சேது_ஆஸ்டின்:
சான் அன்டோனியோவில் 2019 மாடல் ஒன்று இருக்கிறது, விற்பவர் ரசீதுகள் எல்லாம் வைத்திருக்கிறாராம். சனிக்கிழமை லிஃப்ட் உள்ள மெக்கானிக்கிடம் கொண்டுவரச் சம்மதித்துவிட்டார். டிஸ்க், டயர் படங்களை இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.