இறப்பதற்குப் பத்து மாதம் முன்பே சொத்துப்பட்டியலா? 1730-ஆம் ஆண்டுக் குவேக்கர் ஆவணத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மருமகள் பென்சில்வேனியாவின் செஸ்டர் கவுண்டியில் பிறந்து வளர்ந்தவர். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் 1682-இல் வந்திறங்கிய சில ஆண்டுகளுக்குள் வேல்ஸிலிருந்து அங்கே குடியேறிய குவேக்கர்கள் (பாதிரியார் இல்லாமல் கூடி வழிபடும் கிறித்தவப் பிரிவினர்; தங்கள் சபையைக் 'கூட்டம்' என்பார்கள்) தம் தாய்வழி முன்னோர் என்று அவர் வீட்டில் சொல்லி வருகிறார்கள். பேத்திக்கு இரண்டு வழி முன்னோரையும் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் வழியில் ஐந்து தலைமுறைக்கு அப்பால் பெயர்கூடக் கிடைக்கவில்லை. அந்த வழியில் முந்நூறு ஆண்டுக் காகிதம் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல்தான் நிற்கிறேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது ஆண்டு எழுத்தராக இருந்தவன் என்பதால் பழைய கையெழுத்து எனக்குப் பெரிய தடையாக இல்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது.

குவேக்கர் கூட்டத்தின் பதிவேட்டில், குடும்பத் தலைவர் 1730-ஆம் ஆண்டு, 11-ஆம் மாதம், 3-ஆம் நாள் இறந்ததாக எழுதியிருக்கிறது. குடும்பத்தார் அதை 1730 நவம்பர் 3 என்று தங்கள் வம்சாவளி அட்டவணையில் ஏற்றியிருக்கிறார்கள். உயிலோடு இணைந்த சொத்துப்பட்டியலிலோ 1730 ஜனவரி 14 என்ற தேதி இருக்கிறது. மனிதர் உயிரோடு இருக்கும்போதே, பத்து மாதத்துக்கு முன்னரே, அவருடைய கலப்பையையும் கட்டிலையும் யார் வந்து மதிப்பிட்டிருப்பார்கள்? தந்தையும் மகனும் ஒரே பெயர் கொண்ட இருவரோ என்று ஐயப்பட்டுத் தேடியதில் ஒரு வாரம் போய்விட்டது.

இன்னொன்று, அவருடைய கடைசி மகளைப் பற்றியது. பிறப்புப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறது. 1750-க்குப் பிறகு திருமணப் பதிவிலும் இல்லை, அடக்கப் பதிவிலும் இல்லை. அவளைக் கூட்டத்தார் விலக்கிவிட்டார்கள் என்று மட்டும் வீட்டில் ஒரு பேச்சு உண்டு, காரணம் தெரியவில்லை. கல்லறைக் கல்லாவது இருக்குமா என்று அடக்க நிலத்துக்குப் போய்ப் பார்த்தோம். அந்தக் காலத்துக் கல் ஒன்றுகூட இல்லை, புல்வெளி மட்டுமே இருந்தது.

வழி காட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

ஐயா, வணக்கம். நீங்கள் தேடும் இருவரும் ஒருவரே. இறப்பும் சொத்து மதிப்பீடும் பதினொரு நாள் இடைவெளியில், 1731 ஜனவரியில் நடந்தவை.

இங்கிலாந்தும் அதன் குடியேற்றங்களும் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றின. சட்டப்படி புத்தாண்டு ஜனவரி 1 அன்று பிறக்கவில்லை, மார்ச் 25 அன்று பிறந்தது. ஆகவே சொத்துப்பட்டியலில் உள்ள '1730 ஜனவரி', நம் கணக்கில் 1731 ஜனவரி. குவேக்கர்களோ மாதப் பெயர்களையும் கிழமைப் பெயர்களையும் எழுதுவதில்லை. ஜானஸ், தோர் முதலிய பழைய தெய்வங்களின் பெயர்களை நாவால் சொல்வதும் தங்கள் சமய உணர்வுக்கு ஒவ்வாது என்று கருதினார்கள். எனவே ஞாயிறு அவர்களுக்கு முதல் நாள். மாதங்களுக்கும் எண் மட்டுமே. 1752-க்கு முன் அவர்களுடைய முதல் மாதம் மார்ச். அந்த வரிசையில் எண்ணிப் பார்த்தால் பதினோராவது மாதம் ஜனவரி, பன்னிரண்டாவது பிப்ரவரி. செப்டம்பர் என்ற சொல்லுக்குள்ளேயே ஏழும் டிசம்பருக்குள் பத்தும் லத்தீனில் ஒளிந்திருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பழைய எண்கள் குழப்பாது.

1752 தொடக்கம் முதல் ஜனவரியே அவர்களுக்கும் முதல் மாதமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று பதினொரு நாட்கள் நீக்கப்பட்டன. ஆகவே 1750-இல் வரும் 11-ஆம் மாதமும் 1753-இல் வரும் 11-ஆம் மாதமும் வெவ்வேறு மாதங்கள். மார்ச் 1 முதல் 24 வரையிலான நாட்களில் கூடுதல் கவனம் தேவை; முதல் மாதம் என்று எழுதும்போதே புதிய ஆண்டின் எண்ணைப் போட்டுவிட்ட எழுத்தர்களும் உண்டு, 25 வரை காத்திருந்தவர்களும் உண்டு. அத்தகைய பதிவுக்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டவணையில் மாற்றிய தேதியை மட்டும் எழுதாதீர்கள். மூலத்தில் உள்ளபடியே '1730, 11-ஆம் மாதம், 3' என்று எழுதி, பக்கத்தில் '1730/31 ஜனவரி 3' என்று இரட்டை ஆண்டையும் குறியுங்கள். உள்ளூர் தன்னார்வலர்கள் படியெடுத்துப் பகிரும் பட்டியல்களை ஒப்புநோக்கும் பணியில் நானும் இருக்கிறேன். ஒருவர் நல்லெண்ணத்தோடு '11' என்பதை நவம்பராக்கிப் பகிர்ந்தால், அது பத்துக் குடும்ப மரங்களுக்குப் பரவுகிறது. அந்தப் பத்தும் ஒன்றுக்கொன்று சான்றாகக் காட்டப்படும்போது பிழையைப் பிடுங்குவது மிகக் கடினமாகிவிடுகிறது.

உயிலின் மூலப் படியை இன்னும் பார்க்கவில்லையென்றால், வெஸ்ட் செஸ்டரில் உள்ள கவுண்டி ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுங்கள். அக்காலத்தில் கவுண்டியின் தலைமையிடம் செஸ்டர் நகரம். அந்நகரம் இப்போது டெலவேர் கவுண்டியில் இருப்பதால் பலர் அங்கே போய் ஏமாந்து திரும்புகிறார்கள். டெலவேர் கவுண்டி 1789-இல்தான் பிரிந்தது. அதற்கு முந்தைய உயில்களும் வரிப்பட்டியல்களும் வெஸ்ட் செஸ்டரில்தான் உள்ளன. 1714-க்கு முந்தைய உயில் தேவைப்பட்டால் பிலடெல்பியாவில் தேட வேண்டும்.

மறுமொழி 2

வணக்கம் ஐயா. அந்த மகளைப் பற்றி நான் சொல்கிறேன். என் கணவர் குடும்பத்தில் இதேபோல் காணாமற்போன இரண்டு பெண்களைத் தேடிக் கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு.

நீங்கள் பார்த்தவை பிறப்பு, திருமண, அடக்கப் பதிவேடுகள். அவற்றைவிட வளமானவை மாதக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பேடுகள். குவேக்கர் அமைப்பில் உறுப்பினர் சேர்க்கை, திருமண அனுமதி, கண்டிப்பு, விலக்கம் ஆகிய அனைத்தும் மாதக் கூட்டத்தின் கையில் இருந்தன. அதற்கு மேலே காலாண்டுக் கூட்டமும் ஆண்டுக் கூட்டமும் இருந்தன. ஆண்களும் பெண்களும் தனித்தனியே கூடி, தனித்தனியே குறிப்பேடு எழுதினார்கள். பலர் ஆண்களின் ஏட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பெண்ணின் வழக்கு முதலில் எழுவது பெண்கள் கூட்டத்தில்தான். பதினெட்டாம் நூற்றாண்டுப் பெண்கள் தங்கள் கையாலேயே நடத்திய நிர்வாகத்தின் ஏடுகள் அவை. அவற்றைத் திறக்காமல் ஒரு குவேக்கர் குடும்ப வரலாற்றை முடித்துவிட்டதாகச் சொல்ல எனக்கு மனம் ஒப்பாது.

இளம்பெண் ஒருத்தி விலக்கப்படுவதற்கு மிகப் பொதுவான காரணம் திருமணம். குவேக்கர் முறைப்படி மணமக்கள் அடுத்தடுத்த இரண்டு மாதக் கூட்டங்களில் தங்கள் எண்ணத்தை அறிவிக்க வேண்டும். இருவரும் வேறு எவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்பதைக் குழு ஒன்று விசாரித்துச் சொல்லும். அதன் பிறகு பாதிரியார் எவருமின்றி, கூடியிருப்போர் சாட்சியாக அவர்களே ஒருவரையொருவர் ஏற்பார்கள். இதை விட்டுவிட்டு வேறு சபைப் பாதிரியாரிடம் போய் மணந்தால் குற்றம். உறுப்பினரல்லாதவரை மணந்தாலும் குற்றம். நம்மவர்க்கு வியப்பாக இருக்கும் இன்னொன்றும் உண்டு: அத்தை மகனையோ மாமன் மகனையோ மணப்பது நமக்கு முறை, அவர்களுக்கோ அதுவும் விலக்கத்துக்குரிய காரியம்.

செய்தி வந்ததும் கூட்டம் இருவரை அவள் வீட்டுக்கு அனுப்பிப் பேசச் செய்யும். தன் செயலுக்கு வருந்துவதாக அவள் எழுதிக் கொடுத்தால் உறுப்பினராகத் தொடரலாம். இல்லையென்றால் விலக்க அறிக்கை எழுதப்படும். விலக்கப்பட்டவர் வழிபாட்டுக்கு வந்து அமரத் தடை இல்லை. நிர்வாகக் கூட்டத்தில் இடமில்லை என்பதே அதன் பொருள். சில ஆண்டுகள் கழித்து வருத்தக் கடிதம் கொடுத்துத் திரும்பியவர்களும் உண்டு. எனவே 1750-ஓடு நிறுத்தாமல் இருபது ஆண்டுகளாவது முன்னோக்கிப் படியுங்கள். கணவரின் பெயர் தெரிந்ததும் வில்மிங்டனிலும் பிலடெல்பியாவிலும் உள்ள பழைய சுவீடியத் தேவாலயங்களின் திருமணப் பதிவுகளைப் பாருங்கள்; கூட்டத்தின் அனுமதிக்குக் காத்திராத குவேக்கர் பிள்ளைகள் பலர் அங்கே போய் மணந்திருக்கிறார்கள்.

அவள் விலக்கப்படாமல் ஊர் மாறியிருக்கவும் கூடும். அப்படியானால் இடமாற்றச் சான்று ஒன்று கொடுத்த கூட்டத்திலும் பெற்ற கூட்டத்திலும் பதிவாகியிருக்கும். பென்சில்வேனியாவிலிருந்து வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்குக்கும், அங்கிருந்து வட கரோலினாவின் நியூ கார்டன், கேன் கிரீக் கூட்டங்களுக்கும் பெருந்தொகையானோர் அந்த ஆண்டுகளில் போனார்கள்.

ஏடுகளுக்கு ஸ்வார்த்மோர் கல்லூரியின் குவேக்கர் நூலகத்தையும் ஹேவர்ஃபோர்டு கல்லூரியின் குவேக்கர் தொகுப்பையும், இரண்டையும் கேளுங்கள். 1827-இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் ஹிக்ஸைட், ஆர்த்தடாக்ஸ் என இரண்டாகப் பிளந்தது. அதன் பின் ஒரே பெயரில் இரண்டு மாதக் கூட்டங்கள் இயங்கின. ஓரிடத்தில் இல்லாத ஏடு மற்றோரிடத்தில் இருக்கலாம்.

கல்லறையில் கல் இல்லாதது உங்கள் தேடலின் குறையன்று. கல் நாட்டுவது வீண் பெருமை என்று அக்காலக் குவேக்கர்கள் கருதினார்கள். அந்தப் புல்லுக்கடியில்தான் குடும்பத் தலைவர் இருக்கிறார் என்று நம்ப உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு.

கேட்டவர்

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஜனவரி என்று திருத்தியதும் எல்லாம் ஒழுங்காக நின்றுவிட்டது. பெண்கள் கூட்டத்தின் ஏட்டுப் படங்களை இந்த வாரம் பார்க்கத் தொடங்குகிறேன்.

உயிலை நேற்று வரி வரியாகப் படித்ததில் புதிய மனச்சங்கடம் ஒன்று எழுந்துள்ளது. மூத்த மகனுக்கு நிலத்தோடு 'என் நீக்ரோ சிறுவன்' என்று ஒருவனையும் எழுதி வைத்திருக்கிறார். உயிலில் அவன் பெயர் இல்லை. சொத்துப்பட்டியலில், குதிரைக்கும் கடிகாரத்துக்கும் இடையே, பவுண்டு மதிப்போடு அவன் பெயர் வருகிறது. குவேக்கர்கள் அடிமை முறையை எதிர்த்தவர்கள் என்றே மருமகள் பள்ளியில் படித்தவர். அவர் வெகுநேரம் பேசவில்லை. நாங்கள் படியெடுத்ததை உள்ளூர் வரலாற்றுக் கழகத்தோடு பகிர்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். வீட்டுப் பெரியவர் ஒருவர் அந்த வரியை விட்டுவிடலாமே என்கிறார். நான் அந்தக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தவன். எவ்வளவு தூரம் பேசலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி 3

ஐயா, அந்த வரியை விடாதீர்கள். உங்கள் தொகுப்பில் பிறருக்கு மிகவும் தேவைப்படும் வரி அதுதான்.

குவேக்கர்கள் எதிர்த்தார்கள் என்பதும் உண்மை, வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. பிலடெல்பியாவை அடுத்த ஜெர்மன்டவுனில் பிரான்சிஸ் டேனியல் பாஸ்டோரியஸ் உள்ளிட்ட நால்வர் 1688-இல் அடிமை முறைக்கு எதிராக ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். அது மாதக் கூட்டத்திலிருந்து காலாண்டுக் கூட்டத்துக்கும் அங்கிருந்து ஆண்டுக் கூட்டத்துக்கும் போய், முடிவெடுக்கப்படாமலே கிடப்பில் போடப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்குப் பின், 1758-இல்தான், அடிமைகளை வாங்குவோரையும் விற்போரையும் நிர்வாகக் கூட்டங்களிலிருந்து ஒதுக்கவும், வைத்திருப்போரின் வீடுகளுக்குச் சென்று அறிவுறுத்தவும் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவு செய்தது. அப்படி வீடு வீடாகப் போனவர்களில் குவேக்கர் போதகர் ஜான் வுல்மன் ஒருவர். விடுவிக்க மறுப்பவரை விலக்குவது என்ற முடிவு 1776-இல் வந்தது. உங்கள் உயில் 1731-ஐச் சேர்ந்தது. அந்தச் சிறுவன் அந்த முடிவு வரும்வரை உயிரோடு இருந்திருந்தால் முதியவனாகியிருப்பான்.

அவனைத் தேட முடியும். மூத்த மகனின் உயிலையும் சொத்துப்பட்டியலையும் எடுங்கள். கவுண்டியின் வரிப்பட்டியல்களில் நிலம், குதிரை, மாடுகளோடு அடிமைகளின் எண்ணிக்கையும் குறிக்கப்பட்ட ஆண்டுகள் உண்டு. 1770-களில் கூட்டங்கள் விடுதலைப் பத்திரங்களைப் பெற்றுப் பதிந்து வைத்தன. அவற்றின் தொகுப்பு ஹேவர்ஃபோர்டில் இருக்கிறது, விடுவிக்கப்பட்டவரின் பெயரும் பல இடங்களில் வயதும் அதில் கிடைக்கும். பென்சில்வேனியா 1780-இல் இயற்றிய படிப்படியான ஒழிப்புச் சட்டம், அடிமைகளின் பெயர்களைக் கவுண்டி எழுத்தரிடம் பதிவு செய்யுமாறு உடைமையாளர்களைக் கட்டாயப்படுத்தியது. அந்தப் பதிவையும் பாருங்கள்.

உங்கள் மருமகளின் முன்னோர்களுக்குப் பிறப்புப் பதிவு, திருமணச் சான்று, நடவடிக்கை ஏடு, உயில், வரிப்பட்டியல் என ஐந்து சான்றுகள் இருக்கின்றன. அந்தச் சிறுவனின் வழித்தோன்றல்கள் இன்று பிலடெல்பியாவிலோ பால்டிமோரிலோ தேடிக்கொண்டிருந்தால், அவர்களுக்கு இருக்கக்கூடிய ஒரே சான்று உங்கள் கையிலுள்ள சொத்துப்பட்டியலின் அந்த ஒற்றை வரி. என் நண்பர் ஒருவரின் தேடல் இப்படி ஒரு வரியில்தான் திறந்தது. வேறொரு குடும்பத்தார் தங்கள் உயிலை முழுமையாகப் படியெடுத்துப் பகிர்ந்திருந்ததால் அது கிடைத்தது. வீட்டுப் பெரியவரிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். பெயர்ச்சுட்டி தயாரிக்கும்போது அந்தப் பெயரையும் அகரவரிசையில் தனிப் பதிவாகவே சேர்க்க வேண்டும், உடைமையாளர் பெயருக்குக் கீழே மறைக்கக்கூடாது.

கேட்டவர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மகளைக் கண்டுபிடித்துவிட்டோம். பெண்கள் கூட்டத்தின் ஏட்டில், 1751-இல் வேறு சபைப் பாதிரியார் முன்னிலையில் மணந்ததற்காக இருவரை அனுப்பிப் பேசியதும், அவள் இசையாததும், விலக்கியதும் மூன்று மாதப் பதிவுகளாக இருக்கின்றன. பத்தாண்டுகளுக்குப் பிறகு அவளே எழுதிய வருத்தக் கடிதம் வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டிருக்கிறது. அதில் கணவரின் குடும்பப் பெயர் தெரிந்தது. என் மருமகளின் பாட்டி வீட்டு ரொட்டிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் பெயரும் அதுவே.

சொத்துப்பட்டியலை முழுவதுமாகப் படியெடுத்து முடித்தோம். பெரியவரிடம் மருமகளே பேசினார். அந்தச் சிறுவனின் பெயர், சுட்டியில் அவனுக்குரிய எழுத்தின் கீழ் தனிப் பதிவாக இருக்கிறது. மூத்த மகனின் உயிலை அடுத்த செவ்வாயன்று காப்பகத்தில் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சிறுவனின் பெயர் அதில் வருகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.