மறுமொழி: கேஸ் டர்பைனுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

> எரிவாயுச் சுழலின்னே போட்டுடலாம், எல்லாருக்கும் புரியும்

அண்ணே வணக்கம். நம்ம மின்நிலையக் கலைச்சொல் பட்டியலுக்கு நீங்க சொன்ன எரிவாயுச் சுழலி பத்தித் தான் எழுதுறேன். சுழலிங்கறதுல எனக்கு மறுப்பே இல்ல, நீராவிச் சுழலின்னு ஏற்கனவே ஊறிப்போன சொல்லு. இடிக்கிறது முன்னாடி நிக்கிற எரிவாயு தான். இங்க சிங்கப்பூர்ப் பேப்பர்ல எரிவாயுன்னு போட்டா அது குழாய்ல வர்ற இயற்கை எரிவாயு, எரியப்போற பொருள். கேஸ் டர்பைன்ல உள்ள கேஸ் அது இல்லண்ணே, இறக்கையைத் தள்ளுற சூட்டு வாயு.

உள்ள நடக்குறதப் பாருங்க. கம்ப்ரஸர், அதாவது காத்த அழுத்துற பகுதி, வெளிக்காத்த இழுத்து கிட்டத்தட்ட 20 மடங்கு அழுத்துது, அழுத்துறதுலயே காத்து 400 டிகிரி தாண்டிடும், அது எரியறைக்குள்ள போறப்ப எரிபொருளப் பீய்ச்சுறாங்க, அதுவும் 100 கிலோ காத்துக்கு 2, 3 கிலோ தான். அப்போ வெளிய வர்றதுல பெரும்பங்கு சூடேறின காத்து தானே? அது இறக்கைகள்ல மோதி விரியறப்ப தண்டு சுத்துது, கிடைக்கிற சக்தியில பாதிக்கு மேல அதே தண்டுல இருக்குற கம்ப்ரஸரே எடுத்துக்குது, மிச்சம் தான் ஜெனரேட்டருக்கு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால பெரிய மெஷின்லாம் நிமிஷத்துக்கு 3000 சுத்து.

இதுல எது எரியுதுங்கறது ரெண்டாம்பட்சம். 1939ல சுவிட்சர்லாந்து நூஷாத்தெல்ல பிரவுன் போவேரி கம்பெனி மின்நிலையத்துக்குன்னு வெச்ச முதல் கேஸ் டர்பைன், 4 மெகாவாட், ஓடினது எண்ணெய்ல. சிங்கப்பூர்ல கரண்ட் 95 சதவீதம் போல இயற்கை எரிவாயுல வந்தாலும் நிலையங்கள் டீசலும் இருப்பு வெச்சிருக்கணும், குழாய்ல தடங்கல் வந்தா அதே மெஷின் டீசலுக்கு மாறி ஓடும். அன்னைக்கு எரிவாயுச் சுழலிங்கற பேர என்ன பண்றது?

இத நான் விடாம பிடிக்கிறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. ஓவர்ஹால் சமயத்துல, அதாவது மெஷினைப் பிரிச்சு சரிபாக்குறப்ப, டூல்பாக்ஸ் மீட்டிங்ல, வேலை தொடங்குறதுக்கு முன்னாடி நடக்குற பாதுகாப்புப் பேச்சுல, நம்ம ஊர் தம்பிங்களுக்குத் தமிழ்ல சொல்லுவோம். ஹாட் கேஸ் பாத் இன்ஸ்பெக்‌ஷன்னு ஒண்ணு, எரியறையில இருந்து கடைசி இறக்கை வரைக்கும் திறந்து பாக்குறது. அத எரிவாயுப் பாதைன்னு எழுதினா படிக்கிறவன் எரிபொருள் குழாய்னு தான் எடுத்துப்பான். ரெண்டுக்கும் வேலை செய்ய வாங்குற பெர்மிட் வேற, ஆபத்து வேற. இந்தக் குழப்பம் வரவே கூடாது.

என் பரிந்துரை: அனல்வளிச் சுழலி. பாதைக்கு அனல்வளிப் பாதை.

----

தம்பி, டீசல் விஷயம் சரி, எரிவாயுவ விட்டுடுறேன். ஆனா அனல்னா அனல்மின் நிலையம், நிலக்கரின்னு தான ஜனங்க நினைப்பாங்க? பாடப்புத்தகத்துல வளிமம் இருக்கே, வளிமச் சுழலின்னா போதாதா?

----

அண்ணே, வளிமம் நல்ல சொல்லு, வேதியியலுக்குக் கச்சிதம். ஆனா அது குளிர்ந்த வாயுவுக்கும் பொருந்தும், இந்த மெஷினோட உயிரே சூட்டுல இருக்கு. முதல் வரிசை இறக்கை ஒண்ணைக் கையில வாங்கிப் பாருங்க, நிக்கல் கலவை, மேல வெள்ளையா பீங்கான் பூச்சு, முகம் பூரா குண்டூசி போகுற அளவுல ஓட்டை. மோதுற வாயு 1500 டிகிரி, அந்த உலோகம் அதுக்கு முன்னாடியே உருகிடும், ஓட்டை வழியா கம்ப்ரஸர் காத்து கசிஞ்சு மேல படலமா படியறதால தான் தாங்குது. பேர்ல அனல் இல்லாம எப்படிண்ணே?

நிலக்கரி பத்திச் சொன்னது நியாயம் தான். ஆனா வளி பக்கத்துல ஒட்டி நிக்கிறதால அனல்காத்து மாதிரி தான் காதுல விழும்னு நினைக்கிறேன். இன்னொரு வசதியும் இருக்கு, கம்பைன்ட் சைக்கிள்ல வெளியேறுற 600 டிகிரி வாயுவக் கொதிகலனுக்கு அனுப்பி நீராவி ஆக்கி இன்னொரு சுழலிய ஓட்டுறாங்க, எரிபொருள் சூட்டுல கரண்டா மாறுற பங்கு, தனியா ஓடுனா 40 சதவீதம் கிட்ட இருக்குறது, 60க்குப் போறது அதனால தான், சில இடத்துல ரெண்டும் ஒரே தண்டுல. அனல்வளிச் சுழலி, நீராவிச் சுழலின்னு எழுதினா எது எதனால சுத்துதுன்னு பேரே சொல்லிடும்.

ஒண்ணு மட்டும் பாக்கி. முழு மெஷினுக்கும் டர்பைன், அதுக்குள்ள கடைசிப் பகுதிக்கும் டர்பைன். உள்பகுதிக்கு சுழலிப் பகுதின்னு தற்காலிகமா போட்டிருக்கேன், யார் கிட்டயாவது இதைவிட நல்லதா இருந்தா அனுப்பச் சொல்லுங்க, அடுத்து மெஷின நிறுத்துற ஷட்டவுனுக்கு முன்னாடி பட்டியல அச்சடிக்கணும்.