மேலே ஏறும்போதுதான் வில்லங்கம்: பாசிக்குடாப் பக்கம் பார்த்தவை

முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் இறங்கும் ஸ்கூபாவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆழத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் வில்லங்கம் எல்லாம் மேலே ஏறும்போதுதான்.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கே, இலங்கையின் கிழக்குக் கரையில் பாசிக்குடாப் பக்கம், ஏறத்தாழ 24 மீட்டரில் கிடக்கிறது. அதைப் பார்க்க எங்களோடு இறங்கியவர்களில் ஒருவர் நல்ல உடற்கட்டு, நீச்சலிலும் கெட்டிக்காரர். அன்றைக்கு நீரோட்டம் கொஞ்சம் இழுத்தது. கப்பலின் மறைவில் ஒட்டிப் போகாமல் எதிர்த்து எதிர்த்து உதைத்துக்கொண்டே இருந்தார். அந்த ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல மூன்றரை மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் சிலிண்டரிலிருந்து அவ்வளவு காற்று போகும். கூட்டிப்போன டைவ் மாஸ்டர் சைகை காட்டிக் கேட்ட பிறகே, சிலிண்டரில் மிச்சக் காற்றைக் காட்டும் கேஜைப் பார்த்தார். அழுத்தம் 40 பார் (bar) தான். டைவ் முடித்துப் படகில் ஏறும்போதே 50 மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆள் பதறிப்போய் நேரே மேலே கிளம்பிவிட்டார்.

டைவ் மாஸ்டர் எட்டி அவருடைய மிதவை ஜாக்கெட்டைப் பிடித்து அதிலிருந்த காற்றைத் திறந்துவிட்டார். தன் சிலிண்டரின் இரண்டாவது ரெகுலேட்டரை (மூச்சுக் குழாயை) அவர் வாயில் கொடுத்து, கண்ணுக்கு நேரே கண் வைத்து, 'மூச்சை விடு, விடு' என்று கையால் காட்டிக்கொண்டே மெதுவாக ஏற்றினார். உடம்பில் ஊறிய நைட்ரஜன் வெளியேற 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிறுத்தவும் மறக்கவில்லை. உண்மையான வேலைக்காரர்.

படகில் ஏறியதும் நம்மவர், "மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே வீச்சில் வந்திருப்பேனே" என்றார். அதுதான் ஆளைக் கொல்வது. 10 மீட்டரில் நுரையீரலை நிரப்பிய காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். வெளியே விடாவிட்டால் நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழி இரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகலாம். நீச்சல் குளத்தின் ஆழமே இதற்குப் போதும்.

இன்னொன்று, வடக்கே கடலட்டை பிடிக்கப் போய்வந்த ஒரு மாமா சொன்னது. ஒரே நாளில் சிலிண்டர் மேல் சிலிண்டராக மாற்றி இறங்குவார்களாம். "கை கால் உளைஞ்சா திரும்ப இறங்கினாச் சரியாப் போயிரும் மனே" என்றார். உளைவு குறைவது மெய்தான். ஆழத்தில் மூச்சுக் காற்றிலிருந்து உடம்பில் ஊறிய நைட்ரஜன், மேலே வந்ததும் குமிழியாகி உளைவைத் தரும்; திரும்ப இறங்கினால் அந்தக் குமிழிகள் அழுத்தத்தில் சுருங்கும். ஆனால் கீழே இருக்கும் நேரமெல்லாம் இன்னும் நைட்ரஜன் ஊறும், அடுத்த ஏற்றத்தில் வட்டியோடு வரும். இப்போது அவருக்கு ஒரு கால் இழுபடுகிறது. திருகோணமலையில் கடற்படையிடம் இதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இருப்பதை யாரும் அவருக்கு அந்த நேரத்தில் சொல்லவில்லை.

சுற்றுலா வருகிறவர்களுக்கு ஒன்று. டைவ் முடித்த அன்றைக்கே விமானம் ஏறக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். நுவரெலியாவுக்கு வேன் பிடிப்பது யாருக்கும் உறைப்பதில்லை. அது 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அழுத்தக் குறைவு விமானத்துக்குள் இருப்பதற்குக் கிட்டத்தான். ஒரு நாள் கரையிலேயே இருந்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

காசு கட்டும் முன் படகில் முதலுதவிக்குத் தூய ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்பது என் வழக்கம். ஓரிடத்தில், "நிறைய இருக்கே" என்று காற்று அடைத்த டைவிங் சிலிண்டர்களைக் காட்டினார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.