புதுப்பிப்பு: கார் உருண்டு பக்கக் கண்ணாடி நொறுங்கியது, வழக்கை எடுக்க வக்கீல் கிடைத்தார்

டெக்சாஸில் மச்சானின் கார் உருண்டபோது பக்கக் கண்ணாடி பொடிப்பொடியாகி, அவர் கை வெளியே போய் நசுங்கியதைச் சொல்லியிருந்தேன். "கண்ணாடி அரசுத் தரப்படி இருக்கிறது, வழக்கு நிற்காது" என்று முதல் வக்கீல் கைவிரித்துவிட்டார், இனி என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

பலித்தது 2007 தீர்ப்பைத் தேடச் சொன்னவரின் யோசனைதான். ஓ'ஹாரா எதிர் ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கில், கண்ணாடிக்கான 205ஆம் எண் கூட்டரசுத் தரம் குறைந்தபட்ச வரம்புதான், மாநிலச் சட்டப்படி வழக்குப் போடுவதை அது தடுக்காது என்றது டெக்சாஸும் அடங்கிய ஐந்தாம் வட்டாரக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம். இரண்டாவது வக்கீல் அதைப் படித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

ஆனால் சுலபமில்லை. தரப்படி செய்த பொருள் என்றால் தயாரிப்பாளர்மேல் பொறுப்பில்லை என்றுதான் டெக்சாஸ் சட்டம் அனுமானிக்கும். அந்தத் தரமே போதாது என்று காட்டுவது நம் வேலை.

காரை விட்டுவிடாதீர்கள் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். உடைக்கக் கொண்டுபோக இரண்டே நாள் இருக்கையில் தடுத்தோம். உடையாத பின்கதவுக் கண்ணாடியின் மூலையில் 'டெம்பர்டு' என்ற பொறிப்பு, அதாவது உடைந்தால் பொடிப்பொடியாகும் வகை. முன்கண்ணாடியில் 'லேமினேட்டட்', அதாவது நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய வகை; சிலந்தி வலைபோல விரிசல் விட்டும் அது இடத்தைவிட்டு நகரவில்லை. வக்கீல் அதைத்தான் திரும்பத் திரும்பப் படம் எடுத்தார்.

எதிர்பாராதது: வக்கீலின் முதல் கேள்வி சீட் பெல்ட் பற்றி. நல்லவேளை, மச்சான் போட்டிருந்தார். 2015 முதல் பெல்ட் போடாததையும் எதிர்த்தரப்பு அங்கே சாட்சியமாகக் காட்டலாமாம்.

காயத்துக்கு வழக்குப் போட 2 ஆண்டுதான் கெடு. எங்களுக்கு 19 மாதம் ஓடிவிட்டது.