கப்பலூரில் துண்டறிக்கை கொடுத்த கட்சிக்கு வாக்களிக்கலாமா?

கப்பலூர்ப் பட்டறை:
போன வாரம் மாலை ஷிப்டு முடியும் நேரத்தில் மதுரையை அடுத்த கப்பலூர்த் தொழிற்பேட்டை வாசலில் ஒரு சிறு கட்சியினர் துண்டறிக்கை கொடுத்தார்கள். கட்சியின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் பேச்சு அவர்களுடைய தலைவரின் சாதிக்குப் போய்விடும், நம் ஊர் வழக்கம் தெரியாதா?

கோரிக்கைகள் மூன்று. அரசு வேலையிலும் தனியார் வேலையிலும் மண்ணின் மைந்தருக்கு 80 விழுக்காடு. வெளிமாநிலத்தார் வந்து தங்குவதற்கு உள்நுழைவு அனுமதிச் சீட்டு. மலை, கண்மாய், கனிமம் எதுவானாலும் அந்தந்த ஊருக்கே முதல் உரிமை.

எங்கள் வரிசையில் இருக்கும் பிளாஸ்டிக் கம்பெனியில் இயந்திரத்தின் முன்னால் நிற்பவர்களில் உள்ளூர்ப் பையன் ஒருவன்கூடக் கிடையாது. ஐடிஐ முடித்த திருமங்கலம் பையன்கள் சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்துவருகிறார்கள். பெரிய கட்சிகள் இதைத் தொடாது. டெபாசிட் போனாலும் பரவாயில்லை, என் வாக்கு இவர்களுக்குத்தான். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

நீதிமன்ற வாசல்:
முதல் கோரிக்கை நீதிமன்றப் படியேறினால் நிற்காது. பிறந்த ஊரையோ வசிக்கும் ஊரையோ காட்டி அரசு வேலையில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 16(2). வசிப்பிட நிபந்தனை விதிக்கும் அதிகாரம் 16(3)-இன்படி நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. சென்னைக் கோட்டைக்குக் கிடையாது.

தனியார் வேலைக்கு அரியானா முயன்று பார்த்தது. மாதம் 30,000 ரூபாய்க்கு உட்பட்ட வேலைகளில் 75 விழுக்காடு உள்ளூராருக்கு என்று 2020-இல் சட்டம் போட்டது. 2023 நவம்பரில் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. கர்நாடகம் 2024 ஜூலையில் இப்படி ஒரு மசோதாவைக் கையில் எடுத்தது. தொழில் நிறுவனங்கள் சத்தம் போட்டதும் கிடப்பில் போட்டுவிட்டது. நடக்காத ஒன்றைத் தருவதாகச் சொல்லி வாக்குக் கேட்பவரைப் பெரிய கட்சி என்றால் திட்டுகிறோம். சிறிய கட்சி என்றால் மட்டும் ஏன் தட்டிக்கொடுக்க வேண்டும்?

அழகர்மலையான்:
வக்கீல் ஐயா, சட்டம் வானத்திலிருந்து விழுந்ததா? கேட்கிறவன் இருந்தால்தான் சட்டம் மாறும். அஞ்சல் துறைத் தேர்வில் அரியானாவிலிருந்து எழுதியவர்கள் தமிழ்த் தாளில் நம் பிள்ளைகளைவிட அதிக மதிப்பெண் வாங்கினார்களே, 2017-இல்? கூச்சல் எழுந்த பிறகுதான் அந்த முடிவு ரத்தானது. நியாயம் தானாக நடந்துவிடவில்லை.

சிறு கட்சி என்று சிரிப்பவர்கள் திரிபுராவைப் பாருங்கள். பழங்குடி மக்களின் உரிமைக்காகத் தொடங்கிய திப்ரா மோத்தா 2021-இல் அங்குள்ள தன்னாட்சி மாவட்ட மன்றத்தில் 28 இடங்களில் 18-ஐப் பிடித்தது. 2023 சட்டமன்றத் தேர்தலில் 60-க்கு 13. அவர்களையும் முதலில் யாரும் கட்சியாக மதிக்கவில்லை. அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் நான்கிலும் உள்நுழைவு அனுமதி இருக்கிறது. அங்கே இருக்கலாம், இங்கே கேட்டால் மட்டும் இனவெறியா?

விளக்குத்தூண்:
தம்பி, திரிபுராக் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அங்கே பழங்குடியினர் ஒரு காலத்தில் பெரும்பான்மை. பிரிவினையை ஒட்டிக் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் பெருகி, 2011 கணக்கெடுப்பில் பழங்குடியினர் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டார்கள். சொந்த நிலத்தில் சிறுபான்மை ஆனவன் கேட்கும் காப்பு அது. தமிழ்நாட்டில் தமிழன் சிறுபான்மையா? முதலமைச்சரிலிருந்து வார்டு உறுப்பினர் வரை யார் இருக்கிறார்கள்? அந்தத் திப்ரா மோத்தாவும் 2024 மார்ச்சில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பாரதிய ஜனதா அமைச்சரவையில் போய் உட்கார்ந்துவிட்டது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தத் துண்டறிக்கை என் கைக்கும் வந்தது. மண்ணின் மைந்தர் யார் என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: "தாய்மொழி தமிழாக உள்ளவர்." நான் சௌராஷ்டிரன். எங்கள் முன்னோர் நாயக்கர் காலத்திலேயே மகாலைச் சுற்றித் தறி போட்டவர்கள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். படிப்பு, வியாபாரம், சண்டை எல்லாம் தமிழில்தான். என் அத்தை சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும்போது துணியை நகநுனியால் துளியளவு கிள்ளி, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குவார். சாயம் ஏறிக் காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் போட வேண்டும். விரலில் காய்ப்பு இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. 2005-இல் புவிசார் குறியீடு கொடுத்தபோது அதற்கு மதுரைச் சுங்குடி என்றுதான் பெயர். சேலை மதுரைக்குச் சொந்தம், முடிச்சுப் போட்டவள் வெளியாளா?

1962-இல் மதுரையிலிருந்து நாடாளுமன்றம் போன என்.எம்.ஆர். சுப்பராமன் எங்கள் ஆள். டி.எம். சௌந்தரராஜனும் எங்கள் ஆள். அவர்களுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டுமா?

அழகர்மலையான்:
உங்களை யார் வெளியே போகச் சொன்னது அண்ணா? நேற்று ரயிலேறி வந்தவனைப் பற்றிப் பேசினால் நானூறு வருடக் கதையைக் கொண்டுவருகிறீர்கள். கட்சித் தோழர்களிடம் கேட்டால் "சௌராஷ்டிரர் நம்மவர்தான்" என்றுதான் சொல்வார்கள்.

விளக்குத்தூண்:
தோழர் சொல்வது அவர் மனசு. அச்சில் இருப்பதுதான் கட்சி. நாளைக்கு வேறொரு தோழர் வந்து "இல்லை" என்றால் நான் எதைக் காட்டுவேன்? பம்பாயில் 1966-இல் தொடங்கிய சிவசேனை முதலில் குறிவைத்தது தென்னிந்தியரை. பிறகு குறி வடக்கத்தியார் பக்கம் திரும்பியது. மண்ணின் மைந்தர் பட்டியல் எழுதுகிறவன் கையிலேதான் அழிப்பானும் இருக்கிறது.

நீதிமன்ற வாசல்:
இதில் சட்டத்துக்கு உட்பட்ட வழி ஒன்று இருக்கிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு, தன் வேலைகளுக்கான தேர்வுகளில் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கியது. அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றத் தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை 2010-இலிருந்தே இருக்கிறது. மத்தியக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் தமிழிலும் நடக்கிறது. இவை எதிலும் தாய்மொழி எது என்ற கேள்வி கிடையாது. தமிழ் தெரியுமா என்பது மட்டும்தான். விளக்குத்தூண் ஐயா இந்தத் தேர்வில் தேறுவார், அந்தத் துண்டறிக்கையில் தோற்பார்.

சிறுதொழில் முதலாளி:
திட்டினாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்கிறேன். என் பட்டறையில் பதினொரு பேர் ஒடிசாப் பையன்கள். உள்ளூர்ப் பையன் சித்திரைத் திருவிழா என்றால் வேலைக்கு வர மாட்டான், குலசாமி கும்பிடப் போனால் மூன்று நாள் ஆள் இருக்காது. இவர்கள் பட்டறைக்குப் பின்னாலேயே தங்கிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் இயந்திரம் ஓடுகிறது.

கப்பலூர்ப் பட்டறை:
முதலாளி, அந்தத் தகரக் கொட்டகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓர் அறைக்கு எட்டுப் பேர், குளிப்பதற்கு ஒரே குழாய். கூலி ஒப்பந்தக்காரர் கையில் போகிறது. அவர் நோட்டில் சாப்பாடு, அரிசி, முன்பணம் என்று கழித்து மிச்சத்தைக் கொடுக்கிறார். எட்டு மணி நேர வேலையும் பிஎஃப் பிடித்தமும் கேட்பவன் உள்ளூர்ப் பையன். திருவிழாவை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்?

மேலூர்ப் பாசனம்:
ஆக, வேலையைப் பறித்தது ஒடிசாக்காரன் இல்லை, மலிவுக் கூலி. 1979-இல் வந்த புலம்பெயர் தொழிலாளர் சட்டமே வெளிமாநிலத்தாருக்கு உள்ளூர்க் கூலிக்குக் குறையாமல் கொடுக்கச் சொன்னது. அதை ஒழுங்காக நடத்தியிருந்தால் முதலாளிக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். இந்தக் கோரிக்கை துண்டறிக்கையில் இல்லாதது ஏன்? கொட்டகை வாசலில் போய் நிற்பதைவிட அனுமதிச் சீட்டு கேட்பது சுலபம் என்பதாலா?

ஆனால் மூன்றாவது கோரிக்கையைக் கேலி செய்யாதீர்கள். நாங்கள் ஒருபோகப் பாசனக்காரர்கள். பெரியாற்றுத் தண்ணீர் வந்தால்தான் வயல். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. சுமார் 5,000 ஏக்கர், அதற்குள் அரிட்டாபட்டி. சமணர் படுக்கையும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தும் இருக்கும் மலை அது. தமிழக அரசே 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த இடம். ஊர் ஊராகக் கிராமசபைத் தீர்மானம் போட்டோம். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை சனம் நடந்தது. நடந்தவர்கள் மீது போலீஸ் வழக்குப் போட்டார்கள், பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து.

அந்த ஊர்வலத்தில் யாரும் யாருடைய தாய்மொழியையும் கேட்கவில்லை. எல்லாக் கட்சிக்காரர்களும் வந்தார்கள், கொடியை மடித்து வைத்துக்கொண்டு நடங்கள் என்றோம்.

அழகர்மலையான்:
அதைத்தான் இந்தக் கட்சியும் சொல்கிறது! அடுத்த ஏலம் வரும்போதும் இப்படியே நடந்துகொண்டிருப்பீர்களா? சட்டமன்றத்தில் நமக்கு ஒரு குரல் வேண்டாமா?

மேலூர்ப் பாசனம்:
குரல் வேண்டும் தம்பி. 2024 டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கிராமசபைத் தீர்மானத்துக்கு என்ன வலு என்று வக்கீல் ஐயாவே சொல்லட்டும்.

நீதிமன்ற வாசல்:
சட்டப்படி அது வேண்டுகோள்தான். பழங்குடிப் பகுதிகளின் கிராமசபைக்கு அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும் பொருந்தும். தமிழ்நாட்டில் அந்த அட்டவணையில் ஒரு சிற்றூர்கூட இல்லை. இந்தக் கட்சி உண்மையிலேயே மண்ணுரிமை பேசுவதாக இருந்தால், கனிம ஏலத்துக்கு முன் கிராமசபையின் ஒப்புதல் கட்டாயம் என்று ஒரு வரி சேர்க்கட்டும். அந்த வரிக்காக நானும் வாக்களிப்பேன்.

கப்பலூர்ப் பட்டறை:
ஞாயிறு மாலை திருமங்கலத்தில் அவர்கள் கூட்டம். தாய்மொழி வரியை எடுப்பார்களா, கிராமசபை ஒப்புதலையும் சம கூலியையும் சேர்ப்பார்களா என்று மூன்றையும் கேட்கிறேன். மழுப்பினால் அதையும் இங்கே எழுதுவேன். வாக்கு விஷயத்தில் இப்போதைக்கு மாற்றமில்லை.

விளக்குத்தூண்:
நானும் வருகிறேன். எனக்கும் ஓர் இடம் பிடித்து வையுங்கள்.